தல்மூத்தில் ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது

யூத மதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதைப் படித்துவிட்டால் யூதர்கள் என்ன நம்புகிறார்கள் என்பது புரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. கொஞ்ச தூரம் வரைக்கும் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அந்தி சாய்வதற்கு முன் ஏன் விளக்கேற்றுகிறார்கள், இறைச்சிக்கும் பாலுக்கும் ஏன் தனித்தனிப் பாத்திரம், ஒருவர் யூதரா இல்லையா என்பதை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விகளோடு போனால் அங்கே நேரடியான பதில் கிடைக்காது. "ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்ற ஒரே கட்டளைதான் தோராவில் (பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து புத்தகங்கள்) மூன்று இடங்களில் வருகிறது. அந்த ஒரு வரியிலிருந்து இரண்டு செட் பாத்திரங்கள் வரைக்கும் போன வழி முழுக்க ரபிகள் (யூதச் சட்ட அறிஞர்கள்) போட்ட வழி, அது அவர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்தில் இருக்கிறது.

அதனால் என் யோசனை, யூத மதத்தைப் பற்றிப் பத்துக் கட்டுரை படிப்பதற்குப் பதிலாக தல்மூத்தில் ஒரு பக்கத்தை ஒழுங்காகப் படியுங்கள். எபிரேயம் தெரிய வேண்டியதில்லை, மதநம்பிக்கையும் கட்டாயம் இல்லை. பொறுமையும் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படிக்கிற அளவுக்கு ஆங்கிலமும் இருந்தால் சரி.

முதலில் கொஞ்சம் பின்னணி

கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் கோயிலை எரித்தார்கள். பலி, குருமார், யாத்திரை என்று எல்லாமே அந்தக் கட்டடத்தைச் சுற்றி இருந்த மதத்துக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. தல்மூத்தில் கித்தின் என்ற நூலின் 56ஆம் தாளில் இதைப் பற்றி ஒரு கதை வருகிறது. முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட நகரத்திலிருந்து ரபான் யோஹனான் பென் சக்காய் பிணம் மாதிரிப் படுத்துக்கொண்டு, சீடர்கள் தூக்கிப்போக வெளியே வருகிறார், வந்து ரோமானியத் தளபதி வெஸ்பாசியனிடம் "யவ்னே ஊரையும் அதன் அறிஞர்களையும் எனக்குக் கொடு" என்று கேட்கிறார். கதை அப்படியே நடந்திருக்கும் என்று வரலாற்றாய்வாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை, அது இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அதே பக்கத்தில் அவரைத் திட்டியும் ஒரு குரல் வருவதுதான். எருசலேமையே விட்டுவிடச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டாமா, கடவுள் அறிஞர்களின் புத்தியைப் பின்னால் திருப்பிவிட்டார் என்கிறது அது. பெரிதாகக் கேட்டால் சிறியதும் கிடைக்காமல் போயிருக்கும் என்று அவர் நினைத்தார் என்று சமாதானமும் உடனே வருகிறது. தங்களைக் காப்பாற்றிய மனிதரைப் பற்றியே இரண்டு தரப்பையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்குப் பக்கம் இதைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

மற்ற விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்வழியாக வந்த சட்டங்களை ரபி யெஹூதா ஹநாசி கலிலேயாவில் கி.பி. 200 வாக்கில் தொகுத்தார், அதுதான் மிஷ்னா. 6 பெரும் பிரிவுகள், 63 நூல்கள் (ஒவ்வொரு நூலையும் மசெக்தா என்பார்கள்). அதற்குப் பின்வந்த தலைமுறைகள் மிஷ்னாவை வரிவரியாக எடுத்து அலசிய விவாதம் கெமாரா. இரண்டும் சேர்ந்தது தல்மூத். கலிலேயாவில் உருவான ஒன்றுக்கு எருசலேம் தல்மூத் என்று பெயர், இன்றைய ஈராக்கில் சூரா, பும்பெதிதா மாதிரியான கல்விக்கூடங்களில் உருவான இன்னொன்று பாபிலோனியத் தல்மூத். சும்மா தல்மூத் என்று யாராவது சொன்னால் பாபிலோனியத்தைத்தான் சொல்கிறார்கள். 2,711 தாள்கள். பயப்பட வேண்டாம், நமக்கு ஒன்று போதும்.

எதைத் திறப்பது

செஃபாரியா என்ற இணையதளம் (செயலியும் உண்டு) முழுத் தல்மூத்தையும் இலவசமாகத் தருகிறது. 2017 முதல் அதில் ரபி ஆதின் ஸ்டைன்சால்ட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. இந்த மனிதர் 1965இல் தொடங்கி 2010 வரை உட்கார்ந்து முழுத் தல்மூத்துக்கும் உரை எழுதி முடித்தவர். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் நிறையப் பேர் குழம்புகிறார்கள்: தடித்த எழுத்தில் இருப்பதுதான் மூலம், சாதாரண எழுத்தில் இருப்பது புரிவதற்காக ஸ்டைன்சால்ட்ஸ் இடையில் சேர்த்த விளக்கம். முதல் தடவை இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், இரண்டாம் தடவை தடித்த எழுத்தை மட்டும் படியுங்கள். மூலம் எவ்வளவு சுருக்கமாக, கிட்டத்தட்டத் தந்தி மாதிரிப் பேசுகிறது என்பதும், உரை இல்லாமல் ஏன் யாரும் இதைப் படிப்பதில்லை என்பதும் அப்போது தெரியும்.

கூடவே அச்சுப் பக்கத்தின் படம் ஒன்றையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்தும் வடிவம் 1880களில் வில்னா நகரில் ரோம் குடும்பத்தார் அச்சிட்டது. ஆனால் அந்த அமைப்பும் தாள் எண்களும் அதற்கு முன்பே, 1520களில் வெனிஸில் டேனியல் போம்பெர்க் என்பவர் அச்சிட்ட பதிப்பில் நிலைத்துவிட்டன. போம்பெர்க் கிறிஸ்தவர்! நடுவில் பெரிய எழுத்தில் மிஷ்னாவும் கெமாராவும். புத்தகத்தின் தையல் இருக்கும் உள்பக்கம் ராஷியின் உரை: பிரான்ஸின் துருவா நகரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர், இவர் உரை இல்லாமல் கெமாரா பாதி புரியாது. வெளிப்பக்கம் தோசஃபோத், அதாவது ராஷியின் பேரன்களும் அவர்கள் வழிவந்தவர்களும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எழுதியது, அதில் பெரும்பகுதி தாத்தாவோடு சண்டை. ஓரங்களில் இன்னும் பல குறிப்புகள், பிற்காலத்தவை. ஒரே பக்கத்தில் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

முகவரி சொல்வது எளிது. நூலின் பெயர், தாள் எண், அதன் முன்பக்கமா பின்பக்கமா. "பெராகோத் 2அ" என்றால் பெராகோத் நூலின் 2ஆம் தாள் முன்பக்கம். கிட்டத்தட்ட எல்லா நூலும் 2இல்தான் தொடங்கும், 1ஐத் தேடாதீர்கள். தலைப்புத் தாளை ஒன்றாக எண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பெராகோத் 2அ: ஒரு சுற்று போய்வருவோம்

மிஷ்னாவின் முதல் வரியே ஒரு கேள்வி. மாலையில் ஷெமாவை எப்போதிலிருந்து சொல்லலாம்? ஷெமா என்பது "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமத்திலிருந்து தொடங்கும் பிரார்த்தனை, காலையும் மாலையும் சொல்ல வேண்டியது. பதில்: குருமார் தங்கள் தெருமாவை (குருமாருக்கென்று ஒதுக்கிய விளைச்சல் பங்கு) சாப்பிடப் போகும் நேரத்திலிருந்து. எதுவரைக்கும்? இரவின் முதல் ஜாமம் முடியும்வரை என்கிறார் ரபி எலியேசர். நள்ளிரவு வரை என்கிறார்கள் மற்ற அறிஞர்கள். விடியற்கால வெளிச்சம் எழும்வரை என்கிறார் ரபான் கம்லியேல். அப்புறம் ஒரு சம்பவம்: கம்லியேலின் பிள்ளைகள் விருந்துக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்து "நாங்கள் ஷெமா சொல்லவில்லை" என்கிறார்கள், அவர் "இன்னும் வெளிச்சம் எழவில்லை என்றால் சொல்லியே ஆக வேண்டும்" என்கிறார். அறிஞர்கள் நள்ளிரவு என்று சொன்னது ஆளைத் தவறிலிருந்து தள்ளி வைப்பதற்காகத்தான் என்று விளக்கமும் வருகிறது.

இங்கே நிறுத்துங்கள். கெமாராவுக்குப் போகாதீர்கள். ஒரு காகிதத்தில் இந்தச் சிறு பகுதியைப் பற்றி உங்களுக்குத் தோன்றும் கேள்விகளை எழுதுங்கள். "ஒரு நாளைக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பதை முதலில் சொல்லாமல் ஏன் நேரத்தில் தொடங்குகிறது?" "காலையை விட்டுவிட்டு மாலையில் ஏன் தொடங்குகிறது?" "நட்சத்திரம் தெரியும் நேரம் என்று சொல்லிவிட்டுப் போகாமல் குருமாரை ஏன் இழுக்கிறது?" இப்படி. இதை எழுதாமல் கெமாராவைப் படித்தால் வேறு யாரோ பேசுவதை ஓரமாக நின்று கேட்பது மாதிரி இருக்கும், எழுதிவிட்டுப் படித்தால் உங்கள் கேள்வியையே ஒருவர் எடுத்துக்கொண்டு வருவார்.

இப்போது கெமாராவைத் திறந்தால் அது கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. இந்த ஆசிரியர் எதன்மேல் நின்றுகொண்டு "எப்போதிலிருந்து" என்கிறார்? பதில்: வேதவசனத்தின் மேல் நிற்கிறார், "நீ படுக்கும்போதும் எழும்போதும்" என்று அங்கே இருக்கிறது. கடமை ஏற்கெனவே தெரிந்ததுதான், நேரம்தான் கேள்வி. மாலை ஏன் முதலில்? அதே வசனத்தில் படுப்பது முதலில் வருகிறது. வேண்டுமானால் படைப்பிலிருந்தும் காட்டலாம், "மாலையும் ஆயிற்று, காலையும் ஆயிற்று" என்றுதானே ஆதியாகமம் சொல்கிறது. அப்படியானால் பின்னால் ஆசீர்வாதங்களைச் சொல்லும் மிஷ்னா காலையில் தொடங்குகிறதே, அது எப்படி? இதற்கும் ஒரு பதில். குருமார் எதற்கு என்ற கேள்விக்கு: நேரத்தைச் சொல்லும் சாக்கில் இன்னொரு சட்டத்தையும் சொல்லிக்கொடுக்கிறார், தீட்டுப்பட்ட குரு குளித்து, சூரியன் மறைந்துவிட்டால் தெருமா சாப்பிடலாம், மறுநாள் தர வேண்டிய பலிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இதைப் படிக்கும்போது கோயில் இடிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதை மறந்துவிடாதீர்கள். பலிபீடம் இல்லை. இருந்தாலும் ஒரு சாதாரண ஆள் தன் வீட்டில் பிரார்த்தனை சொல்லும் நேரத்தைக் குருமாரின் சாப்பாட்டு நேரத்தை வைத்துக் குறிக்கிறார்கள். கோயில் போன பிறகு யூத மதம் எப்படித் தொடர்ந்தது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த முதல் வரியைத்தான் காட்டுவேன்.

நடைமுறையில் நான் சொல்லும் ஒரே பயிற்சி இதுதான்: கெமாரா ஒரு கேள்வி கேட்டதும் அடுத்த வரியைக் கையால் மறைத்துவிட்டு உங்கள் பதிலைச் சொல்லிப் பாருங்கள். தவறினாலும் பரவாயில்லை. நிறையத் தடவை உங்கள் பதிலையே கெமாரா சொல்லி, அதை உடைத்தும் காட்டும்.

யார் பேசுகிறார், எந்தக் குரலில்

கெமாராவில் நிறுத்தக்குறி கிடையாது. அதற்குப் பதிலாகச் சில சொற்கள் வேலை செய்கின்றன, மொழிபெயர்ப்பிலும் இவற்றை அடையாளம் காணலாம். "ரபிகள் கற்பித்தார்கள்" என்று வந்தால் பின்னால் வருவது பராயிதா, அதாவது மிஷ்னா காலத்தது ஆனால் மிஷ்னாவுக்குள் இடம் கிடைக்காதது. "இந்த விஷயம் எங்கிருந்து?" என்றால் வேதவசன ஆதாரம் கேட்கிறார்கள். "வா, கேள்" என்றால் சான்று ஒன்று வரப்போகிறது, அது பெரும்பாலும் அடுத்த இரண்டு வரியில் அடிபட்டுப் போகும். கடைசியில் "தேகு" என்று வந்தால் விவாதம் முடிவில்லாமல் அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இன்னொரு முக்கியமான விதி: மிஷ்னா காலத்து அறிஞர் (தன்னா) சொன்னதை அவருக்குப் பின்வந்த கெமாரா காலத்து அறிஞர் (அமோரா) சாதாரணமாக மறுக்க முடியாது. அதனால் ஓர் அமோரா சொன்னதற்கு எதிராக ஒரு பராயிதாவைக் கொண்டுவந்தால் அவர் தப்பிக்க வழி தேடியே ஆக வேண்டும். பாதி விவாதத்தின் பரபரப்பு இதில்தான் இருக்கிறது, இது தெரியாமல் படித்தால் "இவர்கள் எதற்கு இப்படி மல்லுக்கட்டுகிறார்கள்" என்றுதான் தோன்றும்.

தனியாகப் படிக்காதீர்கள்

இதை ஓர் அறிவுரையாகச் சொல்லவில்லை, தல்மூத் படிக்கும் முறையே அதுதான். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்துச் சண்டை போடுவதை ஹவ்ருதா என்பார்கள். அந்த இடத்துக்குப் பெத் மித்ராஷ் என்று பெயர், அங்கே நூலகத்து அமைதியை எதிர்பார்த்துப் போனால் திகைத்துவிடுவீர்கள்.

பாவா மெட்சியா 84அ பக்கத்தில் ரபி யோஹனான் (முன்னால் பார்த்த பென் சக்காய் இல்லை, வேறொருவர்), ரெஷ் லாகிஷ் இருவரின் கதை இருக்கிறது. ரெஷ் லாகிஷ் முன்பு கொள்ளைக்காரர், யோஹனான்தான் அவரைப் படிப்புக்கு இழுத்து, தங்கையையும் கட்டிக்கொடுக்கிறார். ஒரு நாள் கத்தியும் வாளும் எந்த நிலையில் முழுமையான கருவியாகின்றன என்ற சட்டவிவாதத்தில் யோஹனான் "கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும்தானே" என்று சொல்லிவிடுகிறார். மனம் முறிந்து, ரெஷ் லாகிஷ் நோயில் விழுந்து இறந்தும் போகிறார். துக்கத்தில் இருந்த யோஹனானுக்குத் துணையாக ரபி எலாசார் பென் பெதாத்தை அனுப்புகிறார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் இவர் "நீங்கள் சொல்வதற்கு ஆதாரமாக ஒரு பராயிதா இருக்கிறது" என்கிறார். யோஹனான் பொறுக்க மாட்டாமல் கேட்கிறார்: நீ லாகிஷின் மகனைப் (ரெஷ் லாகிஷைத்தான் சொல்கிறார்) போலவா? நான் ஒன்று சொன்னால் அவன் 24 ஆட்சேபம் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அதில் விஷயம் தானாக விரியும். நான் சரியாகச் சொல்கிறேன் என்பது எனக்கே தெரியாதா?

துணை தேடும்போது இந்தக் கதையை வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிற ஆள் வேண்டாம். இணையவழி அழைப்பில் படித்தாலும் போதும், வாரத்துக்கு ஒரு மணி நேரம், அரைப் பக்கம் முடிந்தாலே நல்ல வேகம். 1923இல் ரபி மேயிர் ஷபிரோ தொடங்கி வைத்த தாஃப் யோமி என்ற முறை இருக்கிறது, உலகம் முழுக்க நாளுக்கு ஒரு தாள் என்று ஏழரை வருஷத்தில் முழுத் தல்மூத்தையும் முடிப்பார்கள். 14ஆம் சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது. அழகான ஏற்பாடுதான், ஆனால் புதிதாக வருகிறவருக்கு அது ரயிலுக்குப் பின்னால் ஓடுவது மாதிரி ஆகிவிடும்.

கதைகளைப் பாதியில் விடாதீர்கள்

தல்மூத்தில் சட்டப் பகுதிக்கு ஹலாகா, கதை, உவமை, மருந்து, கனவு என்று மற்ற எல்லாவற்றுக்கும் அகதா என்று பெயர். இணையத்தில் சுற்றுவதெல்லாம் அகதாதான், அதிலும் பாவா மெட்சியா 59ஆ கதை மிகப் பிரபலம். ஓர் அடுப்பு தீட்டுப்படுமா படாதா என்று விவாதம். ரபி எலியேசர் தனி ஆளாக ஒரு பக்கம். தான் சொல்வது சரி என்று காட்ட ஒரு கரோப் மரத்தைப் பெயர்ந்து நகரச் செய்கிறார், வாய்க்காலைத் திரும்பி ஓட வைக்கிறார், கல்விக்கூடத்தின் சுவர்களைச் சாய வைக்கிறார். கடைசியில் வானத்திலிருந்தே "அவன் சொல்வதே சட்டம்" என்று குரல் வருகிறது. ரபி யெகோசுவா எழுந்து நின்று உபாகமத்திலிருந்து "அது வானத்தில் இல்லை" என்கிறார். தோராவைக் கொடுத்தாயிற்று, இனி பெரும்பான்மை முடிவுதான். அப்போது கடவுள் என்ன செய்தார் என்று பின்னால் எலியா தீர்க்கதரிசியிடம் கேட்டால், சிரித்துக்கொண்டே "என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்" என்றாராம்.

எல்லோரும் இங்கே நிறுத்தி, மனித அறிவின் வெற்றி என்று கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கம் இன்னும் முடியவில்லை. ஜெயித்தவர்கள் எலியேசரை விலக்கி வைக்கிறார்கள். அதைச் சொல்ல ரபி அகிவா கறுப்பு உடுத்திப் போய், தள்ளி உட்கார்ந்து, "உங்கள் தோழர்கள் உங்களிடமிருந்து விலகியிருப்பதாகத் தோன்றுகிறது" என்கிறார். எலியேசர் தரையில் உட்கார்ந்து அழுகிறார், ஒலிவமும் கோதுமையும் வாற்கோதுமையும் மூன்றில் ஒரு பங்கு நாசமாகின்றன. விலக்கி வைத்த தலைவர் ரபான் கம்லியேல் எலியேசரின் மைத்துனர். எலியேசரின் மனைவி இம்மா ஷாலோம், கணவர் குப்புற விழுந்து மனமுருகி வேண்டினால் தன் அண்ணனுக்கு ஆபத்து என்று பயந்து அவரைத் தடுத்துக்கொண்டே இருக்கிறார், ஒரு நாள் தவறிவிடுகிறது, கம்லியேல் இறந்துவிடுகிறார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, எல்லா வாசலும் பூட்டியிருந்தாலும் மனம் புண்பட்டவர்களின் வாசல் பூட்டுவதில்லை என்று என் தாத்தா வீட்டில் கேட்டிருக்கிறேன் என்கிறார்.

முன்னால் ஒரு தாள் திருப்பினால் இந்தக் கதை எதற்காக இங்கே வந்தது என்பது தெரியும். அங்கே இருக்கும் மிஷ்னா, வியாபாரத்தில் ஏமாற்றுவது போலவே வார்த்தையால் புண்படுத்துவதும் குற்றம் என்கிறது. பெரும்பான்மை சொன்னதுதான் சட்டம், அதில் சந்தேகமில்லை, ஆனால் கதையைச் சொல்கிறவர் தோற்றவரின் பக்கம் உட்கார்ந்து சொல்கிறார். எந்த அகதாவைப் படித்தாலும் முன்னும் பின்னும் ஒரு தாள் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

"யார் யூதர்" என்ற கேள்வியோடு வந்தால்

எபாமோத் 47அ திறங்கள். மதம் மாற வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எதைக் கண்டு வந்தாய்? இந்தக் காலத்தில் இஸ்ரவேலர் நொந்தும் நசுங்கியும் அலைக்கழிந்தும் இருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாதா? அவர் "தெரியும், அதற்குக்கூட எனக்குத் தகுதி இல்லை" என்றால் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு இலகுவான கட்டளைகள் சில, கடினமானவை சில சொல்லிக்கொடுக்க வேண்டும், ரொம்பவும் நெருக்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கி எழுந்ததும் அவர் எல்லா விஷயத்திலும் இஸ்ரவேலர். கவனியுங்கள், முதல் கேள்வி கொள்கையைப் பற்றியது இல்லை, இந்த மக்களின் கஷ்டத்தில் பங்கெடுக்கத் தயாரா என்பதுதான்.

பிறப்பால் யார் என்பதற்கு கித்துஷின் 66ஆ, 68ஆ: தாய் யூதர் என்றால் பிள்ளை யூதர். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் யூதர்கள் இதையே பின்பற்றுகிறார்கள். அமெரிக்காவின் சீர்திருத்த ரபிகள் 1983இல், யூதராக வளர்க்கப்பட்டால் தந்தைவழியும் போதும் என்று தீர்மானித்தார்கள். கராய்த்துகள் என்ற யூதப் பிரிவினர் ரபிகளின் வாய்வழிச் சட்டத்தையே ஏற்பதில்லை. ஆகவே "யூதர்கள் சொல்வது" என்று எழுதுவதற்கு முன் எந்த யூதர்கள் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள்களிடம் ஜாக்கிரதை

தல்மூத் மேல் பொய் சொல்வது பழைய தொழில். 1240இல் பாரிஸில் அதை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள், சில வருஷத்துக்குள் வண்டிவண்டியாகக் கையெழுத்துப் பிரதிகளை எரித்தார்கள், 1553இல் ரோமிலும் எரித்தார்கள். முழுப் பாபிலோனியத் தல்மூத்துக்கும் இன்று மிஞ்சியிருக்கும் கையெழுத்துப் பிரதி கிட்டத்தட்ட ஒன்றுதான், 1342ஆம் வருஷத்தது, மியூனிக்கில் இருக்கிறது. இன்றும் "தல்மூத் இப்படிச் சொல்கிறது" என்று வெறுப்பைத் தூண்டும் வரிகள் சுற்றுகின்றன. தாள் எண் இல்லை என்றால் தள்ளிவிடுங்கள். எண் இருந்தால் செஃபாரியாவில் போட்டுப் பாருங்கள். அந்த வரி அங்கே இல்லாமலே இருக்கலாம், இருந்தாலும் அடுத்த வரியிலேயே யாராவது அதை மறுத்திருக்கலாம், மறுக்காவிட்டாலும் ஒருவரின் கருத்தாகவே நின்றுபோய்ச் சட்டமாகாமல் இருந்திருக்கலாம். சட்டம் கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்க்க மைமோனிடஸின் மிஷ்னே தோரா, யோசேப் காரோவின் ஷுல்ஹான் அருக் (முதல் அச்சு 1565, வெனிஸ்) மாதிரியான சட்டத்தொகுப்புகளுக்குப் போக வேண்டும்.

பெராகோத்தின் முதல் மூன்று தாள், பாவா மெட்சியா 58ஆ முதல் 59ஆ வரை, எபாமோத் 47 முழுக்க: இந்த வரிசையில் போனால் சட்டம், கதை, அடையாளம் மூன்றும் கைக்கு வந்துவிடும். அப்புறமும் ஆசை இருந்தால் ஒரு நூலை முழுசாக எடுங்கள். சின்னது வேண்டும் என்று பலரும் மக்கோத்தைச் சொல்வார்கள், 24ஆம் தாளோடு முடிந்துவிடும்தான், ஆனால் தொடக்கமே பொய்ச்சாட்சிகளைப் பற்றிய கடினமான சட்டம், முதல் நூலாக அது வேண்டாம். மெகிலாவை எடுங்கள், 32ஆம் தாளில் முடிகிறது, எஸ்தரின் கதையைச் சுற்றியே பாதி விவாதம் ஓடுவதால் பழைய ஏற்பாடு கொஞ்சம் தெரிந்தவர்கள் எங்கே நிற்கிறோம் என்று தடுமாற மாட்டார்கள்.